உன் ஸ்டேடியத்தில் கழிப்பறை எங்கே?

அன்புள்ள வாத்தியாரே,

நீ கடிதம் போட்டு ஐந்து மாதம் ஓடிவிட்டது. திட்டிக்கொள். ஆனால் பாதிக் குற்றம் உன்னுடையது. கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். உறையின் பின்பக்கத்தில் நம் மயாமி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹரிக்கேன்ஸுக்கு 40,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் ஒன்றை வரைந்து, "பிழை இருந்தால் சொல்" என்று வேறு எழுதிவிட்டாய். ஒன்றிரண்டு என்றால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன்.

வீட்டில் எல்லோரும் நலம். உன் மகளுக்கு வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல். நம் நண்பன் தாடிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ஃப்ளோரிடா ஸ்டேட் கட்சிக்காரன் அல்லவா, மூன்றாம் நாளே அவள் தலையில் டலஹாசி தொப்பியை மாட்டிப் படம் அனுப்பினான். திருந்தாத ஜென்மம்.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். "1991-இல் நம் பழைய ஆரஞ்சு பவுல் மைதானத்தில் பந்து வலது பக்கம் போனதைப் பார்த்த கண் இது" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கண்ணை டாக்டரிடம் காட்டு. 1991 நவம்பர் 16 ஆட்டம் நடந்தது டலஹாசியில், ஃப்ளோரிடா ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில். அவர்கள் முதலிடம், நாம் இரண்டாமிடம், 17-16 என்று நாம் முன்னால், கடைசி நேரத்தில் அவர்களின் 34 கெஜக் கிக், கோல் போஸ்ட்டுக்கு வலது பக்கம். ஆரஞ்சு பவுலில் நடந்தது அடுத்த ஆண்டு, 1992 அக்டோபர் 3: 19-16, 39 கெஜம், மறுபடியும் வலது. கல்லூரி ஆட்டத்துக்குக் கூடுதல் நேரம் 1996-இல்தான் வந்தது. அதனால் அந்த 1992 கிக் உள்ளே போயிருந்தால் ஆட்டம் சமனில் முடிந்திருக்கும். 2000-இல் இன்னொரு வலது. 2002-இல் ஒரு மாறுதலுக்கு இடது. நீ எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டாய்.

தாடிக்கு ஒரு நியாயம் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 1991-இல்தான் கல்லூரி கோல் போஸ்ட்டின் அகலத்தை 23 அடி 4 அங்குலத்திலிருந்து 18 அடி 6 அங்குலமாகக் குறைத்தார்கள். பக்கத்துக்கு 2 அடி 5 அங்குலம் போயிற்று. முந்தைய வருஷத்துப் போஸ்ட்டாக இருந்திருந்தால் அந்தப் பந்து உள்ளேதான் என்று முப்பது வருஷத்துக்கு மேலாகப் புலம்புகிறான். நான் அதை மறுத்ததே இல்லை. விதியை மாற்றியவன் நானா?

இப்போது படம். ஆடுகளத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டு, மேற்கை மூடி, கிழக்கைத் திறந்து, அங்கே பனை மரங்களை நட்டிருக்கிறாய். இது புது ஸ்டேடியம் இல்லையடா, 2008-இல் இடித்துப் போட்ட ஆரஞ்சு பவுல். புத்தகப்படி ஆடுகளம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் மாலையில் பந்து பிடிக்கிறவன் கண்ணில் வெயில் அடிக்கும். ஆனால் நீ மேற்கை உயரமாக மூடியது ஓரளவு பரிகாரம். நவம்பரில் மயாமியில் ஐந்தரை மணிக்கே சூரியன் மறைகிறது. மூன்றரை மணி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் தாழ்ந்த வெயிலை அந்த ஸ்டாண்ட் தடுத்துவிடும். தடுக்க முடியாதது தெற்கு வெயில். இலையுதிர் காலம் முழுவதும் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், உன் வடக்கு ஸ்டாண்டில் இருப்பவர்கள் அதை முகத்தில் வாங்குவார்கள். மாணவர்களை நீ அங்கேதான் உட்கார வைத்திருக்கிறாய். சான் டியாகோவில் 2022 செப்டம்பரில் புது ஸ்டேடியத்தின் முதல் ஆட்டத்தை மத்தியானத்தில் வைத்தார்கள். வெப்பம் 100 டிகிரியை ஒட்டி, நிழலில்லாத ஸ்டாண்டில் உட்கார்ந்தவர்கள் பலருக்கு வெப்பத்தால் உடம்பு முடியாமல் போயிற்று. அதை நினைவில் வை.

கூரை போட்டுவிடலாம் என்பாய். இப்போது ஆடும் ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில் 2016-இல் போட்டார்கள், நிழல் அருமை. ஆனால் மயாமி-டேட் மாவட்டத்தில் கூட்டம் கூடும் கட்டடத்தை மணிக்கு 186 மைல் காற்றுக்குக் கணக்கிட வேண்டும். 0.00256 பெருக்கல் வேகத்தின் வர்க்கம்: சதுர அடிக்குச் சுமார் 89 பவுண்டு. அது அடிப்படை அழுத்தம்தான், வடிவத்துக்கும் உயரத்துக்குமான கெழுக்கள் அதன் மேல் ஏறும். கூரையின் எடையைத் தாங்குவது சுலபம். புயலில் அது கீழே விழப் பார்க்காது, மேலே பறக்கப் பார்க்கும். அஸ்திவாரம் தாங்குவதற்காக மட்டுமல்ல, இழுத்துப் பிடிப்பதற்காகவும் வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

அடுத்து, களத்தை 20 அடி பள்ளத்தில் இறக்கியிருக்கிறாய். மிச்சிகனில் செய்தார்கள், யேலில் செய்தார்கள், சரி. மயாமியில் சில அடி தோண்டினாலே நீர். அடியில் இருப்பது ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புப் பாறை, சுவர் கட்டினாலும் கீழிருந்து ஊறும். பம்ப்பை நிறுத்திய அன்று அது ஸ்டேடியம் இல்லை, தெப்பக்குளம். களம் தரைமட்டத்திலேயே இருக்கட்டும். புல்லுக்கு அடியில் ஓர் அடி மணல், அதற்குக் கீழே நாலு அங்குலம் சரளை, அதில் துளைக்குழாய். மத்தியான இடிமழைக்கு அது போதும்.

மழைக்குப் போதும், மின்னலுக்கு? எட்டு மைலுக்குள் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் உள்ளே அனுப்புவது வழக்கம். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், நடுவில் இன்னொன்று அடித்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. உன் படத்தில் ஸ்டாண்டுக்கு அடியில் நடைபாதையே இல்லை. ஆளுக்கு ஆறு சதுர அடி என்று வைத்தாலும் 40,000 பேருக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சதுர அடி கூரையடி இடம் வேண்டும். கழிப்பறையும் இல்லை! சட்டப்படி ஆண் பாதி பெண் பாதி என்று வைத்தால், ஆண்களில் முதல் 1,500 பேருக்கு 75-க்கு ஒன்று, மிச்சத்துக்கு 120-க்கு ஒன்று, மொத்தம் 175. பெண்களில் முதல் 1,520 பேருக்கு 40-க்கு ஒன்று, மிச்சத்துக்கு 60-க்கு ஒன்று, மொத்தம் 346. கல்லூரி ஆட்டத்தில் இடைவேளை 20 நிமிடம். அத்தனை பேரும் அந்த 20 நிமிடத்தில்தான் எழுந்திருப்பார்கள். பனை மரத்துக்கு இடம் கண்டுபிடித்தவன் இதற்கும் கண்டுபிடி.

சரி, இருக்கைக்கு வருகிறேன். உன் படத்தில் எனக்கு உண்மையிலேயே ஆசை பிறந்த இடம் அதுதான், உனக்குச் சறுக்கியதும் அங்கேதான். முதல் வரிசையைத் தரையிலிருந்து இரண்டடியில் வைத்திருக்கிறாய், கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று. உட்கார்ந்தவனின் கண் அதற்கு மேல் நாலடி; ஆக ஆறடி. எதிரே ஓரக்கோட்டில் நிற்பவன் ஆறடி மூன்றங்குலம், தலையில் ஹெல்மெட். பணம் கொடுத்து வந்தவன் நாலு கால்பாகமும் இன்னொருத்தன் முதுகைப் பார்ப்பான். முதல் வரிசையை எட்டடிக்குத் தூக்கு. கண் 12 அடியில் வரும்.

அங்கிருந்து மேலே போகும் வரிசைகளுக்கு ஒரே கணக்கு: முன்னால் இருப்பவனின் கண்மட்டத்துக்கு மேல் உன் பார்வைக்கோடு எத்தனை அங்குலம் தாண்டுகிறது? பார்க்க வேண்டிய புள்ளியிலிருந்து கண்ணுக்கு 60 அடி தூரம், கண் 12 அடி உயரம், வரிசைக்கு 33 அங்குல ஆழம் என்று வை. நீ எழுதிய 8 அங்குலப் படியில் கிடைப்பது ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். முன்னால் இருப்பவன் தொப்பி போட்டால் முடிந்தது கதை. படியை 10 அங்குலம் ஆக்கு, மூன்றேகால் அங்குலம் கிடைக்கிறது. இரண்டரைக்கு மேல் என்றால் சமாளிக்கலாம், மூன்றரை என்றால் நிம்மதி. பின்னால் போகப் போக அதே படி போதாது, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும். நல்ல ஸ்டாண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் நேர்கோடு தெரியாது, மெல்ல வளைந்து ஏறும். நீ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாய்.

இனி எண்ணிக்கை. களம் 360 அடி நீளம். ஆளுக்கு 18 அங்குலம் என்றால் வரிசைக்கு 240. நடைவழி பன்னிரண்டு, நாலு அடி வீதம் கழித்தால் 208. நாற்பது வரிசைக்கு 8,320. இரண்டு பக்கமும் சேர்த்து 16,640. மேற்கு முனையில் ஒரு 4,600. வளைந்த மூலை இரண்டிலும் சேர்த்து 7,000. எப்படி நெருக்கினாலும் 28,240-ஐத் தாண்டவில்லை. கிழக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே அடுக்கில் 40,000 வராது. மீதி ஏறக்குறைய 12,000 பேரை இரண்டாம் அடுக்கில் ஏற்று, பக்கத்துக்குச் சுமார் ஆறாயிரம்.

அந்த இரண்டாம் அடுக்குதான் உனக்குத் தெரியாமலே நீ தேடுவது. ஆரஞ்சு பவுல் ஏன் அப்படி அலறியது? மேலடுக்கு கீழடுக்கின் மேல் நன்றாக நீட்டிக்கொண்டு இருந்தது, கத்தினது மேலே போகாமல் திரும்பிக் களத்தில் விழுந்தது. கீழே இரும்பு. கான்கிரீட்டில் உதைத்தால் கால்தான் வலிக்கும், இரும்பில் உதைத்தால் ஊருக்கே கேட்கும். 1985-லிருந்து 1994 வரை தொடர்ந்து 58 ஆட்டம் சொந்த மண்ணில் தோற்கவில்லை; அதில் பாதி ஆட்டக்காரர்களின் திறமை என்றால் மீதி அந்த இரும்பு. வாஷிங்டன் அணி வந்து 38-20 என்று முடித்துவைத்த அன்றுகூட நாலாம் கால்பாகம் தொடங்கும்போது, அது நமக்கே என்று நாலு விரலைத் தூக்கினவர்கள் நாம்.

ஆகவே நீட்டலைப் பெரிதாக வை. ஆனால் நீட்டல் நீண்டால் ஆடும். கூட்டம் சேர்ந்து குதித்தால் நொடிக்கு இரண்டு முறை. அதன் இரட்டிப்பு நாலு. ஸ்டாண்டின் இயல்பான அதிர்வு நாலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஊஞ்சல்தான், ஆறுக்கு மேல் தள்ளிவிடு. அப்படித் தள்ள வேண்டுமென்றால் உத்திரம் ஆழமாக வேண்டும், ஆழமானால் கீழே பின்வரிசையில் இருப்பவனுக்கு உயரே போகும் பந்து மறையும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். அலுமினியப் பலகைத் தளம் போட்டால் பழைய சத்தத்தில் முக்கால்வாசி வரும், கடல் காற்றில் துருவும் பிடிக்காது. பழைய இரும்பைத் தின்றது அந்தத் துருதான்.

கிழக்குத் திறப்பு பற்றி ஒரு வார்த்தை. காற்று நமக்குச் சாதகம் என்று எழுதியிருக்கிறாய். 1984 நவம்பர் 23-இல் பாஸ்டன் காலேஜின் டக் ஃப்ளூட்டி அந்த மைதானத்தில்தான் காற்றுக்கு எதிராக 60 கெஜத்துக்கு மேல் எறிந்து 47-45 என்று முடித்தான். அவ்வளவு தூரம் வராது என்று நம் ஆட்கள் பந்தைத் தலைக்கு மேல் விட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு மேரிலாண்டுக்கு எதிராக 31-0 என்று முன்னால் இருந்து 42-40 தோற்றோம். அதே ஆண்டு ஜனவரியில் நெப்ராஸ்கா கடைசியில் வெற்றிக்காக இரண்டு புள்ளிக்குப் போய், அந்தப் பந்து நம் ஆள் கைபட்டு விழுந்து, 31-30 என்று நாம் முதல் தேசியப் பட்டம் வாங்கிய அதே களம். காற்றுக்குக் கட்சி கிடையாது.

இடம்தான் எனக்குக் கவலை. கோரல் கேபிள்ஸில் நம் பல்கலைக்கழக வளாகம் மொத்தமே சுமார் 240 ஏக்கர். காருக்கு இரண்டரை பேர் என்றால் 16,000 கார், ஏக்கருக்கு 130 என்றால் 123 ஏக்கர். பாதி வளாகம் கார் நிறுத்தவே போய்விடும். ஆரஞ்சு பவுலுக்கு லிட்டில் ஹவானா வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியைக் காசுக்கு விட்டார்கள். கோரல் கேபிள்ஸ்காரர்கள் விடுவார்களா? நீ வளாகத்தை ஒட்டி ஓடும் மெட்ரோரெயிலை மறந்துவிட்டாய், அதுதான் ஒரே வழி. டிராபிகல் பார்க்கில் ஸ்டேடியம் கட்டும் யோசனை 2022-இல் கிளம்பி அடங்கியது உனக்கே தெரியும். ஹார்ட் ராக்குக்கு 2007-இல் 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டு, வளாகத்திலிருந்து சுமார் 20 மைல் தள்ளி, 65,000 இருக்கையில் பாதி காலியாக ஆடியதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. மினசோட்டா பல்கலைக்கழக அணி 2009-இல் வளாகத்துக்குத் திரும்பியது, டுலேன் 2014-இல். டாம்பாவில் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 35,000 இருக்கைக்கு 2024-இல் மண் வெட்டிவிட்டது. அவர்களுக்கு வரலாறே நேற்றுத் தொடங்கியது!

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். சான் டியாகோவில் 35,000 இருக்கை 31 கோடி டாலர். நார்த்வெஸ்டர்னில் அதே 35,000-த்துக்குச் சுமார் 85 கோடி. நீ இருக்கைக்கு 12,000 டாலரில் முடித்தால் 48 கோடி. ஐந்து வட்டி, முப்பது ஆண்டு என்றால் வருஷத்துக்கு 3.12 கோடி. ஏழு ஆட்டத்தில் அதைப் பிரி, எல்லா இருக்கையும் விற்றாலும் ஓர் இருக்கைக்கு ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 111 டாலர், கடனுக்கு மட்டும். விளக்குக்கும் புல்லுக்கும் போலீசுக்கும் இதில் ஒரு காசு இல்லை. ஆகவே கச்சேரி, சாக்கர் எல்லாவற்றுக்கும் திறந்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் வழக்குப் போடுவதும் அதற்குத்தான்.

இத்தனையும் எழுதிவிட்டு உன் படத்தை நானே திருத்தி வரைந்திருக்கிறேன், உள்ளே வைத்திருக்கிறேன். களம் தரைமட்டத்தில், 10 அங்குலத்தில் தொடங்கும் வளைவு, இரண்டு அடுக்கு, கீழே அகல நடைபாதை. 521 கழிப்பறையையும் எண்ணிக்கொள். மாணவர்களைத் தெற்குக்கு மாற்றிவிட்டேன். பனை மரத்தைத் தொடவில்லை.

வடக்கு ஸ்டாண்டில் 12-ஆம் வரிசையில் உன் பெயருக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், பார். தொப்பி கொண்டு வா. பின்னால் 13-இல் தாடி, எனவே வந்ததும் அதைக் கழற்றிவிடு.

உன்,
ரூம்மேட்