புறவாசலில் ஒரு குட்டி வீடு: மகளுக்கு

தாயி,

பேரப்பிள்ளைகள் விளையாட நம்ம புறவாசலில் கட்டப்போகிற குட்டி வீட்டுக்கு மாப்பிள்ளை அனுப்பின படத்தைப் பார்த்தேன். மாடி, சறுக்கு, கயிற்று ஏணி எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்ம செங்கோட்டையில் ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றை அதை வரைந்தவர் பார்த்திருக்க மாட்டார். கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த வீட்டு வேலியில் கிடக்கிற ஊர் இது. இங்கே எட்டடி உயரத்தில் பலகை மாடி நின்றால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அதனால் மாடி வேண்டாம், சறுக்கும் வேண்டாம், மாப்பிள்ளை வருத்தப்படக் கூடாது.

இடம் பார்த்துவிட்டேன். வேப்பமரத்துக்கு வடக்கே, அடுப்படி ஜன்னலில் நின்றால் வாசல் நேராகத் தெரிகிற இடம். தென்னைக்கும் பலாவுக்கும் அடியில் வைக்கிற பேச்சே இல்லை. கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டின பிறகுதான் ஆசாரி கை வைப்பார், அதை முன்னாலேயே சொல்லிவிட்டேன். வாசல் கிழக்கே வீட்டைப் பார்த்து, முதுகு மேற்கே காற்றுக்கு. மேற்குச் சுவரில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது, தெற்கிலும் வடக்கிலும் எதிரெதிரே ஜன்னல்.

உள்ளே ஆறடிக்கு ஐந்தடி போதும். முகட்டில் ஐந்தடி உயரம், ஓரத்தில் நாலடி. பெரியவர்கள் குனிந்தாவது உள்ளே போக முடியணும், பிள்ளை உள்ளே விழுந்து அழுதால் வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டா இருக்க முடியும்? உள்பக்கம் தாழ்ப்பாளே வேண்டாம். முன்னால் இரண்டடிக்கு ஒரு திண்ணை, அதற்கும் சேர்த்துக் கூரை இறங்கும். அதில் கடை வைப்பார்களோ, ஆச்சியை உட்காரவைத்து டிக்கெட் கிழிப்பார்களோ, அவர்கள் பாடு.

தரை மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம். கீழே விளக்குமாறு விட்டுக் கூட்ட முடியணும், சாமான் எதுவும் அடையக் கூடாது, பாம்பு வருகிற ஊரில் இது முக்கியம். மரத்தூணை நேரே மண்ணில் நட்டால் கரையான் விடாது, அதனால் காங்கிரீட் கால் போட்டு அதில் இரும்புப் பட்டை பதித்து, தூணை அந்தப் பட்டையோடு போல்ட் போட்டு முடுக்கச் சொல்லியிருக்கிறேன். கூரைச் சட்டத்துக்கும் போல்ட்தான், ஆணி மட்டும் அடித்தால் காற்று கூரையைத் தூக்கிவிடும்.

மரத்துக்குக் காசு பெரிதாக ஆகாது. பழைய தொழுவத்துப் பரணில் கிடக்கிற அயினிப் பலகை உனக்கு ஞாபகம் இருக்கும், இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரில் இருந்ததே, அந்தக் காலத்தில் என் அப்பா வாங்கிப் போட்டது, இன்னும் ஒரு கீறல் இல்லை. வள்ளம் கட்டுகிற மரம், ஈரத்துக்கெல்லாம் அசையாது. புனலூர்ப் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருத்தர் சொன்னார், வீட்டுக்குள் நாற்காலிக்கு அது சரி, சாரலில் நனைந்தால் பூசணம் பிடித்துப் பூச்சி துளைத்துவிடும்.

கூரைக்குத்தான் ரொம்ப யோசித்தேன். சித்திரை பிறக்கிற சமயத்தில் நம்ம ஊரில் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே, பிள்ளைகள் வருவதும் அப்போதுதான், வெறும் தகரம் போட்டால் உள்ளே அடுப்புதான். ஓடு குளிர்ச்சி, ஆனால் குரங்கு புரட்டிப் போடும், அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் தகரம் போட்டு அதன் மேல் தென்னங்கீற்று. தீபாவளி வெடிக்கு முன்னால் கீற்றைக் கழற்றிவிடலாம், எப்படியும் அடுத்த கோடைக்குப் புதுசு மாற்றணும். தகரத்தின் விளிம்பு சின்னவன் கண் மட்டத்துக்கு வருமோ என்று பார்த்தேன், வராது, இருந்தாலும் மடித்து மரச்சட்டம் அடிக்கச் சொல்கிறேன்.

திண்ணைக்கு அழி, அதாவது கம்பித் தடுப்பு, போடணும். கம்பிக்குக் கம்பி இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்கணும், அதற்கு மேல் ஒன்பது அங்குலம் வரைக்கும் எந்த இடைவெளியும் ஆபத்து, உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஆசாரி நாலங்குலம்தான் வழக்கம் என்கிறார், நான் விடப்போவதில்லை. கதவின் கீல் பக்கம் சின்ன விரல் நசுங்காத மாதிரி ஒரு தோல் பட்டையும் அடிக்கணும்.

உள்ளே மேஜை, அடுப்பு, பொம்மை அலமாரி என்று எதுவும் நீ வாங்கி அனுப்பாதே. நாம் எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டால் அவர்களுக்கு விளையாட என்ன இருக்கிறது? நாலு கொட்டாங்கச்சி, ஒரு பழைய சேலை, ரெண்டு மரப்பெட்டி, அது போதும். பெயிண்டும் அவர்கள் வந்த பிறகுதான், உன் அம்மா மஞ்சள் என்று பிடிவாதமாக இருக்கிறாள், பிள்ளைகளைக் கேட்காமல் அடிக்க விடமாட்டேன்.

பொதிகை ரயிலில் டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு. அதற்கு முன்னால் இரண்டு பேரையும் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்து அனுப்பு, சின்னவன் உட்கார்ந்தால் முழங்கால் எவ்வளவு உயரம் வருகிறது என்பதையும் சேர்த்து, திண்ணைப்படி அதை வைத்துத்தான் போடணும். ஆசாரி வெள்ளிக்கிழமை அளவு கேட்டு வருவார்.

அப்பா