மகளுக்கு: உன் வீட்டுக்குப் பின்னாலுள்ள மலை

மட்டக்களப்பு

அன்புள்ள மகள்,

கலிபோர்னியாவில் உன் புது வீட்டின் பின்பக்க மலையைப் போனில் காட்டி, "வெறும் பாலைவனம்தான் அப்பா" என்றாய். நீ காட்டியது பற்றைக்காடு. சப்பரல் என்பார்கள். அதற்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் நெருப்பு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்மூர்க் கச்சான் காற்றை நினைத்துப் பார். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இங்கே அனலாகத்தான் இறங்குகிறது. அங்கேயும் பசிபிக் மேகத்தை சான் கேப்ரியல் மலைகள் மறிக்கின்றன. மலைக்கு அங்கால் மொஹாவி பாலைவனம்; ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் மழைகூட இல்லை. இங்கால் உன் பக்கத்துக்குக் குளிர்காலத்தில் அதைவிட நல்ல மழை கிடைக்கும். மாரி வெள்ளம் பார்த்து வளர்ந்த உனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஒரு கொப்பை ஒடித்துப் பார். இலை சின்னதாக, தடிப்பாக, மெழுகு பூசினாற்போல் இருக்கும். மன்சானிட்டா என்ற செடியென்றால் பட்டை சிவந்து வழுவழுப்பாக இருக்கும். செடிகள் ஆள் நுழைய முடியாதபடி பின்னிக் கிடக்கும். பாலைவனத்தில் செடிக்குச் செடி வெறும் மண், நெருப்புத் தாவுவது கடினம். பற்றைக்காடோ எரிந்து எழும்புகிற காடு. படுவான்கரையில் சேனைக்கு எரித்த இடத்தில் பற்றை துளிர்ப்பதைப் பார்த்திருக்கிறாய்தானே, அதேபோல் சமீஸ் என்ற பற்றைச்செடி கருகிய அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். சூடு பட்டால்தான் முளைக்கும் விதைகளும் உண்டு. பாலைவனத்துக்கு அந்தப் பழக்கமில்லை. 2020இல் மொஹாவியில் ஒரு தீ பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட யோசுவா மரங்களை அழித்தது, பாவம்.

ஐப்பசிக்குப் பிறகு சாண்டா ஆனா காற்று பாலைவனப் பக்கமிருந்து மலையிறங்கிச் சூடேறி வரும். 2025 ஜனவரியில் அந்த மலையடிவாரத்து அல்டடீனா ஊர் எரிந்தபோது அடித்ததும் அந்தக் காற்றுத்தான்.

சரி, நீ செய்ய வேண்டியது. கூரைப் பீலியில் சருகு நிற்க விடாதே. வீட்டைச் சுற்றி 100 அடிக்குக் காய்ந்ததை அகற்றுவது அங்கே சட்டம், வீட்டுக்காரரிடம் கேள். சுனாமிக்குப் பிறகு அம்மா பத்திரங்களையெல்லாம் ஒரே பையில் வைத்திருக்கிறாள் அல்லவா, நீயும் பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் அப்படிக் கதவருகில் வை. வெளியேறச் சொன்னால் சாமான் பார்த்து நிற்காமல் புறப்படு. எங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா