ரூபாய் சரிந்தால் காபி விவசாயிக்கு லாபமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நாலு ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன், சில்வர் ஓக் மரங்களில் கொஞ்சம் மிளகும் ஏற்றியிருக்கிறேன். போன வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில், அமெரிக்காவும் சீனாவும் வரி மேல் வரி போட்டு மோதிக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் டாலருக்கு எதிராக ரூபாய் சரிவதால் காபி, மிளகு மாதிரியான ஏற்றுமதிப் பயிர் போடுகிறவர்களுக்கு நல்ல காலம் என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

மலையில் எங்களிடம் கொட்டை வாங்க வரும் வியாபாரி விலை சொல்வதற்கு முன்னால் போனை எடுத்துப் பார்ப்பார். அவர் பார்ப்பது நியூயார்க் பண்டச் சந்தையின் காபி விலை. அரபிக்காவுக்கு அங்கேதான் விலை முடிவாகிறது, ஒரு பவுண்டுக்கு, அதாவது 453 கிராமுக்கு, இத்தனை சென்ட் என்று. அந்த விலையை அதிகம் ஆட்டிவைப்பது பிரேசில். உலகத்தில் விளையும் காபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே விளைகிறது. அவர்கள் பணத்துக்கும் பெயர் ரியால்தான், சவுதி ரியாலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ரியால் சரிந்தால் என்ன ஆகும்? அங்கிருக்கும் விவசாயிக்கு அதே டாலருக்குக் கை நிறைய ரியால் கிடைக்கும், அதனால் அவர் இருப்பில் இருக்கும் மூட்டைகளை மளமளவென்று விற்கப் பார்ப்பார், நியூயார்க்கில் விலை இறங்கிவிடும். இங்கே ரூபாய் என்ன பாடு பட்டாலும் அந்த இறக்கம் எங்கள் களம் வரைக்கும் வந்து சேரும்.

நான் பட்டதையே சொல்கிறேன். 2011-இல் நியூயார்க் விலை பவுண்டுக்கு 3 டாலரைத் தொட்டது. அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய 45 ரூபாய், ஒரு டாலருக்கு 1.60 ரியால். 2015 கடைசியில் டாலர் 66 ரூபாய்க்குப் போய்விட்டது. உங்கள் கட்டுரைப்படி பார்த்தால் அது எங்களுக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் ரியால் ஒரு டாலருக்கு 4-ஐத் தொட்டுவிட்டது, காபி 1.20 டாலர் அளவுக்கு விழுந்துவிட்டது. பெருக்கிப் பாருங்கள், பவுண்டுக்கு 135 ரூபாய் இருந்தது 79 ரூபாய் ஆகிவிட்டது. மழை, வறட்சி, வியட்நாம் விளைச்சல் எல்லாம் இதில் சேரும், மறுக்கவில்லை. ஆனாலும் ரூபாய் மட்டும் சரிந்து எங்களைக் காப்பாற்றவில்லை என்பது நிஜம். அந்த வருஷம் காபி விற்ற பணம் பறிகூலிக்கும் உரக்கடை பாக்கிக்கும் சரியாகப் போய்விட்டது, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தோம்.

ரியால் அப்படி விழுந்ததற்குப் பிரேசிலின் சொந்த அரசியல் குழப்பம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 2015 ஆகஸ்ட் 11 அன்று சீனா தன் யுவானை ஒரே நாளில் ஏறக்குறைய 2 சதவீதம் இறக்கியது. பிரேசிலின் இரும்புத்தாதுவையும் சோயாவையும் அதிகம் வாங்குகிற நாடு சீனா, அதன் பணம் ஆடினால் ரியாலும் ஆடும். அமெரிக்காவில் வட்டி ஏறப்போகிறது என்ற பேச்சிலேயே டாலர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. இதற்கு நேர் எதிராக, 2010-இல் பணக்கார நாடுகள் பணத்தை அச்சடித்துத் தள்ளுவதால் ரியால் தாங்க முடியாத அளவுக்கு ஏறுகிறது, இது நாணயப் போர் என்று பிரேசில் நிதியமைச்சர் கீடோ மான்டேகா வெளிப்படையாகவே முறையிட்டார். அவருக்கு அது தலைவலி. அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு நல்ல விலை கிடைத்தது.

இப்போது வரிச் சண்டையும் சேர்ந்துகொண்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பிரேசில் காபிக்கு 50 சதவீதம் வரி போட்டது, விலை விறுவிறுவென்று ஏறியது. நவம்பரில் காபியை அந்த வரியிலிருந்து விலக்கியது, உடனே விலை இறங்கியது. இங்கே நாங்கள் பழம் பறிக்க ஆரம்பிக்கிற மாதம் அது! ஏற்றம் வந்தபோது எங்கள் கையில் கொட்டை இல்லை, செடியில் காய் பச்சையாக இருந்தது.

ரூபாய் சரிவில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொட்டாஷ் உரம் முழுக்க முழுக்க வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்து வாங்குவது. டீசலும் கிட்டத்தட்ட அப்படித்தான், கச்சா எண்ணெய் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மச்சான் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், ரூபாய் சரிந்தால் அவருக்கு வெள்ளி விலை ஏறும், ஆர்டர் குறையும், பட்டறையில் ஆட்களுக்கு வேலை இருக்காது. ஆக, ரூபாய் சரிவின் செலவு எங்களுக்கு நிச்சயம், வரவு வந்தால் வரலாம் என்ற நிலைமைதான்.

2015-க்கு அப்புறம் என் கணக்கு நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: நியூயார்க் விலை, டாலருக்கு எத்தனை ரூபாய், டாலருக்கு எத்தனை ரியால். மகள்தான் போனில் பார்த்துச் சொல்வாள். இதை வைத்து எல்லாவற்றையும் கணித்துவிட முடியாதுதான், ஆனால் மூட்டையை இன்றைக்கே தள்ளிவிடலாமா, பத்து நாள் வைத்திருக்கலாமா என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கிறது. என் பக்கத்துத் தோட்டங்களில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காபி வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று மூட்டைதான் தேறும். வீட்டு வாசலில் வந்து வியாபாரி சொல்கிற விலைதான் அவர்களுக்கு விலை, சரியா தப்பா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கையில் ஒன்றும் கிடையாது.

உங்கள் பத்திரிகை காலை பஸ்ஸிலேயே மலைக்கு வந்துவிடுகிறது, டீக்கடைகளில் எல்லோரும் படிக்கிறார்கள். தங்கம், வெள்ளி, தேங்காய் விலையெல்லாம் தினமும் போடுகிறீர்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே நியூயார்க் அரபிக்கா விலையைக் கிலோவுக்கு ரூபாயில் மாற்றி ஒரு வரி, டாலருக்கு ரியால் எவ்வளவு என்று இன்னொரு வரி போட முடியுமா? தினமும் முடியாவிட்டால் வாரம் ஒரு நாளாவது, நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் போட்டால் போதும். இந்த சீசனிலேயே ஆரம்பித்தால் நன்றாக இருக்கும், டிசம்பர் கடைசியில் எங்கள் பக்கம் பலரும் விற்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
காபி விவசாயி ஒருவர்,
நாகலூர், ஏற்காடு