நூல் நுனி விஷயமாக மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் சுகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்து சிறுபோகம் விதைத்தாயிற்று. அம்மாவின் முழங்கால் உளைவு வழமைபோலத்தான். ரோபோ போட்டியில் நடந்த விஷயம் தம்பி சொல்லித்தான் தெரியும். வேலை கூடவாக இருந்திருக்கும், நீ எடுக்காததைக் குறையாகச் சொல்லவில்லை.

ரோபோவில் கட்டிய நூலின் நுனி பிரியாமலிருக்க லைட்டரால் சுட, நீ பழக்கும் அணிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாயாம். நடுவர் கழற்றச் சொன்னாராம். நீ எல்லோருக்கும் முன்னால் வாதாடினாயாம். நைலோன் கயிற்றை வெட்டினால் நுனியைச் சுடுவது நம் சைக்கிள் கடையில் நீ பழகியதுதானே. அதில் களவு இல்லை, பிள்ளை.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற அந்தப் போட்டியின் விதிகளைத் தம்பியைக் கொண்டு வாசிப்பித்தேன். லெகோ செய்த பாகங்கள்தான், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே. நூலையும் குழாயையும் மட்டும் வெட்டிக் கட்டையாக்கலாம். வெட்டலாம் சரி, வெட்டிய நுனியைச் சுடலாமா? அதற்கு அங்கே பதில் இல்லை. சுட்டால் பழைய நிலை போய்விட்டது என்று நடுவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எழுத்து எந்தப் பக்கமும் உறுதியாக இல்லாவிட்டால் சந்தேகத்தின் பலன் அணிக்கு என்றும் விதியிலேயே இருக்கிறதாம். ஆகவே நீ கேட்டது பிழையில்லை. கேட்ட நேரம்தான் பிந்திவிட்டது. ஆட்ட மேசைக்குப் போக முதலே காட்டியிருக்க வேண்டும்.

நீ வளர்ந்த காலம் அப்படி. பற்றரி, சீமெந்து, யூரியா, பெற்றோல் என்று சண்டைக் காலத்தில் அரசாங்கம் வன்னிக்குள் விடாத சாமான்களின் பட்டியல் 2002 இல் பாதை திறக்கும் வரை எங்கள் கழுத்தில் கிடந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டோம். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். அந்தப் பட்டியலில் சந்து தேடினால்தான் சீவியம். ஒரு சாமானைப் பற்றி முன்கூட்டிக் கேட்டால் அதையும் மறித்துவிடுவார்கள் என்று கேட்காமலே கொண்டுவந்தோம். அந்தப் பயம் உன்னிடம் இன்னும் இருக்கிறதோ என்று எனக்குக் கவலை.

இந்தப் போட்டிப் பட்டியல் அப்படிப்பட்டதல்ல. நாலு மோட்டாருக்கு மேல் கூடாது, வேறு பாகம் கூடாது என்று கட்டி வைத்திருப்பது, காசுள்ள பள்ளிக்கூடம் வெளியில் செய்வித்துக் கொண்டுவந்து வெல்லாமலிருக்கத்தான் என்று எனக்குப் படுகிறது. இங்கே கேட்டால் மறிக்கமாட்டார்கள், பதில் சொல்வார்கள். முதலில் காட்டு, பிறகு ரோபோவில் பூட்டு. சந்தேகமான பாகம் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு, வந்த பதிலைப் பிள்ளைகள் கையிலும் கொடுத்துவிடு.

வன்னியில் படித்த பிள்ளை அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள் என்று அம்மா கோயிலில் சொல்லாத ஆள் இல்லை. தம்பி இன்னுமொன்று சொன்னான், அதை நான் எழுதவில்லை. ஒரு நூல் நுனிக்காக அந்தப் பிள்ளைகளை இடையில் விடுவது உனக்கு அழகில்லை. கேட்டுப் பூட்டு, அவ்வளவுதான்.

நூல் கேள்வியை அனுப்பினாயா என்று சொல்லு. ஞாயிற்றுக்கிழமை எடு. அம்மா கோயிலால் வரப் பத்து மணியாகும், அதற்குப் பிறகு எடு.

அப்பா