இன்ஜினை ஏற்றினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய பெட்ரோல் பிக்கப்பில் டீசல் இன்ஜின் ஏற்றுகிறார்கள். வண்டி ஓடிவிடும், பிரேக்தான் கல்லாக இருக்கும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் வேக்குவத்தில்தான் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) வேலை செய்கிறது. பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாய்) கிடைத்த அந்த வேக்குவம் டீசலில் கிடைக்காது. பின்னால் வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரையே போட்டு, அதன் ஹோஸை பூஸ்டருக்குக் கொடுக்க வேண்டும். பம்புக்கு ஆயில் லைனும் வேண்டும். அது அடைத்தால் பம்ப் தேய்ந்துவிடும்.

அடுத்தது இன்ஜினையும் சேஸிஸையும் மின்சாரத்துக்காக இணைக்கும் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்காருகிறது. பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்பும். உறை உருகி நாறும். சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முறுக்குங்கள்.

சின்ன ரேடியேட்டர் சித்திரை வெயிலுக்குத் தாங்காது, சொல்லவே வேண்டாம்.

ஆர்.டி.ஓ. அனுமதியை முன்பே வாங்குங்கள். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எஃப்.சி. எனும் தகுதிச் சோதனையில் இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு இடிக்கும்போது மெக்கானிக் வரமாட்டார்.

- வாசகர், காரைக்குடி