கோமுகத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

மாப்ளே,

பெரியம்மா காரியத்துக்கு வர முடியலைன்னு நீ எழுதின கடுதாசி கிடைச்சுது. வருத்தப்படாதே. ரெண்டு மாசமா பதில் போடாததுக்குத் திட்டறதை நேர்ல வந்து திட்டு. அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். இது வேற விஷயம்.

கங்கை பொறக்கற அந்தக் கோமுகத்துக்கு நான் போகலைடா.

ஊரே நம்புது. நம்ம ஒட்டகம் பய கூட்டம் கூட்டி எனக்குச் சால்வையே போத்திட்டான். கூடத்துல மாட்டியிருக்கிற படம் போஜ்பாசாவுல எடுத்தது. கோமுகம் அங்கேருந்து இன்னும் நாலு கிலோமீட்டர்.

ஆறு மாசம் ஏற்காட்டுப் பாதையில 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறினவன்ங்கிற திமிரு. சேர்வராயன் உச்சியே 1,623 மீட்டர்தான்ங்கறது மண்டையில ஏறலை. உத்தரகாசியில காலையில ஜீப் ஏறி, சாயங்காலம் கங்கோத்ரி, 3,100 மீட்டர். "ஒரு நாள் தங்குங்க, உடம்பு பழகட்டும்"னு வழிகாட்டிப் பையன் கெஞ்சினான். கேட்டேனா? மறுநாளே 14 கிலோமீட்டர் நடந்து போஜ்பாசா, 3,800 கிட்ட. மெலிஞ்ச காத்துக்கு ரத்தம் பழக நாள் வேணும்டா, அது தொடை பலத்தைப் பார்க்கறதில்லை. ராத்திரி பூரா தலைக்குள்ள உரல் இடிச்சுது. ரெண்டு தடவை வாந்தி. விடிஞ்சு எழுந்து நடந்தா, குடிகாரன் மாதிரி கால் பின்னுது. அதைப் பார்த்ததும் அந்தப் பையன் பேசவே இல்லை. என் பையைத் தோள்ல போட்டான், கையைப் பிடிச்சான், கீழே திருப்பிட்டான். இருபது வயசுகூட இருக்காது. அன்னைக்கு அவன் நான் சொன்னதைக் கேட்டிருந்தா, எனக்கும் சேர்த்துல்ல நீ துக்கக் கடுதாசி எழுதியிருப்ப.

தண்ணிக் கதையும் அதேதான். முந்தின நாள் சாயங்காலம் போஜ்பாசா கரையில சொம்புல பிடிச்சது. சாம்பல் கரைச்ச நிறம். பனியாறு பாறையை அரைச்ச மாவு. "என்னடா கங்கை இப்படிக் கலங்கியிருக்கு, கோமுகத்துத் தண்ணிதானே?"ன்னு பெரியம்மா கேட்டுச்சு. சேர்வராயன் குகைக் காவேரியம்மனைத் தாண்டி ஒரு தீர்த்தம் பார்க்காத மனுஷி. ஆமான்னுட்டேன்.

கடைசியா பெரியம்மா வாயில விட்டது அந்தத் தண்ணிதான் மாப்ளே. கோமுகத் தண்ணின்னு காதுல சொன்னதும் நான்தான். ரெண்டு மடக்கு இறங்குச்சு.

ஒரே ஆறுதானேன்னு வக்கீல் வாதம் பண்ணாதே. அதை நானே தினம் ராத்திரி பண்ணிக்கிறேன்.

இன்னும் அரைச் சொம்பு இருக்கு. திருமணிமுத்தாத்துல விடலாம்னா, அந்தச் சாக்கடையைக் கண்டு கங்கை வந்த வழியே ஓடிடும். நீ வா. தட்டுவடை செட் என் செலவு. ஒட்டகத்துக்கிட்ட மூச்சு விடாதே, சால்வையைத் திருப்பிக் கேப்பான்.

உன்
பங்காளி