அயன் உந்துபொறி தேயும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான, விண்கலங்களுக்கான அயன் உந்துபொறி (மின்னேற்றம் பெற்ற அணுக்களான அயன்களை வெளியே எறிந்து கலத்தைத் தள்ளும் பொறி) பற்றிய கட்டுரையை என்னிடம் படிக்கும் உயர்தர மாணவர்களோடு சேர்ந்து வாசித்தேன். இத்தகைய விடயத்துக்குத் தமிழில் அரைப்பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு பிழைகள் உள்ளன. அவற்றைவிட எனக்கு வருத்தம் தந்தது, இந்தப் பொறியை வடிவமைப்பவர்களுக்கு உண்மையில் தலையிடி கொடுக்கும் பகுதியை அது தொடாமலே விட்டதுதான்.

பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுரை சொன்னதுபோல் அயன் உந்துபொறி மின்சாரத்தால் மட்டும் ஓடுவதில்லை. வெளியே எறிவதற்கு அதற்கு ஒரு வாயு வேண்டும். 2007இல் ஏவப்பட்ட நாசாவின் டோன் விண்கலம் 425 கிலோகிராம் செனன் வாயுவைச் சுமந்து சென்றது. அடுத்து, கட்டுரை சொன்னதுபோல் இது தரையிலிருந்து கலங்களை ஏற்றப்போவதுமில்லை. 1998இல் ஏவப்பட்ட நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 கலத்தின் பொறி தந்த அதியுச்ச உந்துவிசை 92 மில்லிநியூற்றன் மாத்திரமே. இரண்டு ஏ4 தாள்களை உள்ளங்கையில் வைத்தால் உணரும் பாரத்துக்கு அது ஏறத்தாழச் சமன். எனினும் இழுத்துப்பிடிக்க எதுவுமில்லாத வெளியில், ஏறத்தாழ 486 கிலோகிராம் திணிவுள்ள அக்கலத்தை அந்த விசை ஒரு நாள் முழுவதும் தள்ளினால் அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில் கூடும், மறுநாளும் அதே அளவு கூடும், மாதக்கணக்கில் அவ்வாறே கூடிக்கொண்டு போகும்.

அந்த மாதக்கணக்கு என்ற சொல்லில்தான் வடிவமைப்பின் சிக்கல் முழுவதும் இருக்கிறது. பொறியின் அறைக்குள் இலத்திரன்கள் செனன் அணுக்களை மோதி அயன்களாக்குகின்றன. அறையின் வாயில் ஒன்றன்முன் ஒன்றாக இரண்டு துளைத்தகடுகள் உண்டு. டீப் ஸ்பேஸ் 1இன் பொறியில் அவை 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மொலிப்டினத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15,000 துளைகள், உள்தகட்டுத் துளையின் விட்டம் 1.9 மில்லிமீற்றர் அளவு, வெளித்தகட்டில் 1.1 மில்லிமீற்றர் அளவு. இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர்தான். உள்தகடு 1100 வோல்ற்று நேர் அழுத்தத்திலும் வெளித்தகடு 180 வோல்ற்று அளவிலான மறை அழுத்தத்திலும் இருக்க, அயன்கள் துளைகளூடாக இழுபட்டுச் செக்கனுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுகின்றன. இந்த வேகத்தை என் மாணவர்கள் ஏற்றத்தையும் அழுத்தத்தையும் பெருக்கி இயக்கசக்திக்குச் சமப்படுத்தி, கரும்பலகையில் நான்கு வரியில் பெற்றார்கள்.

இடைவெளியைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் ஒரு சதுரசென்ரிமீற்றருக்கு நான்கு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கலாம். ஆகவே வடிவமைப்பவர் தகடுகளை நெருக்கவே விரும்புவார். ஆனால் நெருக்கினால் தகடுகளுக்கிடையே மின்பொறி பாயும். அறை சூடேறித் தகடு விரிந்தால் ஒன்றையொன்று தொட்டுவிடும். அதற்காகவே இரு தகடுகளையும் கிண்ணம்போல் சற்று வளைத்து, வெப்பத்தில் இரண்டும் ஒரே பக்கமாகப் புடைக்கும்படி செய்கிறார்கள். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும், 1998 நவம்பரில் டீப் ஸ்பேஸ் 1இன் பொறி முதன்முறை இயக்கப்பட்டபோது நான்கரை நிமிடத்தில் நின்றுபோனது. தகடுகளுக்கிடையே ஏதோ துகள் சிக்கியிருக்கலாம் எனக் கருதி, கலத்தைச் சூரியனுக்கு நேரே திருப்பியும் விலக்கியும் சூடாக்கிக் குளிரவைத்தார்கள். இரண்டு வாரத்தில் பொறி மீண்டும் இயங்கியது. பயணத்தின் முடிவுக்குள் 16,000 மணித்தியாலங்களைத் தாண்டியது.

தேய்வு வருவது வேறொரு வழியாக. அயனாகாத செனன் அணுக்கள் சில மெதுவாகத் துளைகள் வழியே கசிகின்றன. வேகமாகச் செல்லும் அயன் ஒன்று அத்தகைய அணுவிடமிருந்து இலத்திரனைப் பறித்துக்கொண்டு நடுநிலையாகித் தன் வழியே போய்விடும். பறிகொடுத்த அணுவோ இப்போது மெதுவான அயன். அது வெளியேறாமல், மறை அழுத்தத்திலுள்ள வெளித்தகட்டிலேயே போய் மோதி, உலோக அணுக்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறது. நாளடைவில் துளைகள் அகல்கின்றன. டீப் ஸ்பேஸ் 1க்கென வைத்திருந்த உபரிப் பொறியைக் கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தின் வெற்றிட அறையில் 30,352 மணித்தியாலங்கள் ஓடவிட்டு 2003இல் நிறுத்தினார்கள். திறந்து பார்த்தபோது துளைகளின் விளிம்புகள் அரிக்கப்பட்டிருந்தன. அறைக்குள் இலத்திரன்களை வெளிவிடும் கதோட்டின் காப்பு முகப்பு முற்றாகக் கரைந்துபோயிருந்தது. ஆகவே, நன்கு அயனாகும் வாயுவைத் தெரிவதும், வாயுவை வீணாகக் கசியவிடாததும் செலவுக் கணக்கு மட்டுமல்ல, ஆயுள் கணக்கும் ஆகும். பாரமான அணு, அயனாக்க 12.1 இலத்திரன்வோல்ற்று சக்தியே போதும் என்ற இரண்டு காரணங்களுக்காகச் செனனைத் தெரிகிறார்கள்.

வாசித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "ரீச்சர், நேரேற்ற அயன்களையே வெளியே விட்டுக்கொண்டிருந்தால் கலம் மறையேற்றம் பெற்று அவற்றைத் திரும்ப இழுக்காதா?" கட்டுரையில் விடுபட்ட மிகப் பெரிய பகுதியை அவள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். இழுக்கும், அதனால்தான் ஒவ்வொரு பொறிக்கும் பக்கத்தில், வெளியேறும் கற்றைக்குள் இலத்திரன்களைச் சேர்க்கும் நடுநிலையாக்கி ஒன்று தேவை. ஜப்பானின் ஹயபுசா கலம் 2009 நவம்பரில் சிறுகோளொன்றிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தபோது அதன் பொறிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஒரு பொறியின் நடுநிலையாக்கியையும் வேறொரு பொறியின் அயன் மூலத்தையும் இணைத்து ஒரு பொறியாக ஓட்டினார்கள். ஏவுவதற்கு முன்பே மின்சுற்றில் யாரோ முன்யோசனையோடு, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஓர் இருவாயியைச் சேர்த்திருந்தபடியால்தான் அது இயன்றது. 2010 யூனில் அதன் மாதிரிப் பேழை அவுஸ்திரேலியாவில் வந்து இறங்கியது. வடிவமைப்பு என்றால் என்ன என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இவை நமக்கு எட்டாத விடயங்களும் அல்ல. 2017 மே 5இல் இந்தியா ஏவிய, நம் நாட்டையும் உள்ளடக்கிய தெற்காசியச் செய்மதி செனனால் இயங்கும் மின்னுந்துகையைக் கொண்டுசென்றது. சில உந்துபொறிகளின் கதோட்டுகள் இலந்தனம் என்னும் உலோகத்தின் சேர்வையால் ஆனவை. நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலில் உள்ள மொனசைற்று என்னும் கனிமத்தில் இலந்தனமும் இருக்கிறது.

ஆகவே, அந்த இரண்டு பிழைகளுக்கும் திருத்தம் வெளியிட்டு, துளைத்தகடுகளின் தேய்வையும் நடுநிலையாக்கியையும் விளக்கும் இரண்டாம் கட்டுரையொன்றைக் கணக்கோடு சேர்த்து அதே பக்கத்தில் பிரசுரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மாணவர்கள் எழுதிய நான்கு வரிக் கணக்கை இத்துடன் இணைத்துள்ளேன். கேள்வி கேட்ட மாணவி அந்தக் கட்டுரையின் முதல் வரைவை எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.